வோல்ஃபார்ட் ஓப்பஸ் 45: பாடத்தோடு வரும் அந்தப் பொடி எழுத்து வரிசை

ஃபிரான்ஸ் வோல்ஃபார்ட் எழுதிய 60 வயலின் எட்யூடுகள் (பயிற்சிப் பாடங்கள்), ஓப்பஸ் 45 (அவருடைய படைப்பு வரிசை எண்). மேற்கத்திய முறையில் வயலின் கற்பவர்களில் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தப் புத்தகத்தைக் கடந்துதான் போகிறார்கள். கடந்து போகிற வேகத்தில்தான் கோளாறு. முதல் பாடம், இரண்டாம் பாடம் என்று நோட்டுகளை வரிசையாக வாசித்துத் தள்ளிவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி ஓடுகிறது, இதில் என்ன இருக்கிறது?" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். முதல் பாடத்தோடு பொடி எழுத்தில் ஒரு வரிசை அச்சாகியிருக்கும். அதே நோட்டுகளை எந்தெந்த விதமாக வில் போட்டு வாசிக்க வேண்டும் என்ற பட்டியல் அது. வேறு சில பாடங்களோடும் இப்படி வரும். அந்த வரிசையைத் தொடாமல் பக்கம் திருப்பியவர் பாதிப் புத்தகத்தைத்தான் வாசித்திருக்கிறார். இந்த மதிப்புரையில் பெரும்பகுதி அந்த மற்றப் பாதியைப் பற்றியது.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம். வோல்ஃபார்ட் 1833இல் ஜெர்மனியின் ஃபிரவுவன்பிரீஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்து, லைப்சிக் நகரில் ஆசிரியராக வாழ்ந்து, 1884இல் மறைந்தார். தந்தை ஹைன்ரிஷ் வோல்ஃபார்ட் பெயர் பெற்ற பியானோ ஆசிரியர். மகன் வயலின் கற்றது ஃபெர்டினாண்ட் டாவிடிடம். மெண்டல்ஸோனின் ஈ மைனர் வயலின் கான்செர்ட்டோவை 1845இல் முதன்முதலாக மேடையில் வாசித்தவர் இந்த டாவிட்தான். லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் முதல் வயலின் நாற்காலி அவருடையது. மெண்டல்ஸோன் 1843இல் லைப்சிக்கில் தொடங்கிய கன்சர்வேட்டரியில் வயலின் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அப்படிப்பட்ட ஒருவரிடம் கற்றும் வோல்ஃபார்ட் இந்தப் புத்தகத்தில் மேடை சாகசம் எதையும் வைக்கவில்லை. பகானினியின் வித்தைகள் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட நூற்றாண்டில், இவர் கவலைப்பட்டது ஆரம்ப மாணவனின் வலது முழங்கையைப் பற்றி. இந்த ஒரு காரணத்துக்காகவே இவருக்கு மரியாதை செய்யத் தோன்றுகிறது.

புத்தகம் இரண்டு பாகம். 1 முதல் 30 வரை முதல் பொசிஷன் (பொசிஷன் என்பது கம்பியின் மேல் இடது கை நிற்கும் இடம், முதலாவது வயலினின் தலைப்பக்கம்). 31 முதல் 60 வரை மூன்றாம் பொசிஷனும், அங்கே போய் வருவதும். பெரும்பாலான பாடங்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். தொடங்குவதற்குத் தேவை அதிகமில்லை: முதல் பொசிஷனில் இரண்டு மூன்று ஸ்கேல்களைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும், ட்ரெபிள் கிளெஃப் நோட்டைப் பார்த்ததும் விரல் தெரிய வேண்டும், வில் பிரிட்ஜுக்கு (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) இணையாகப் போக வேண்டும். இதில் மூன்றாவது இல்லாதவர்கள் இன்னும் சில வாரம் திறந்த (விரல் வைக்காத) கம்பிகளிலேயே இருப்பது நல்லது. இங்கே நோட்டுகள் நிற்காமல் ஓடுகின்றன, வழியில் வில்லைச் சரிசெய்துகொள்ள இடைவெளியே கிடைக்காது.

முதல் பாடம் சி மேஜர். 4/4 தாளத்தில், பாருக்கு (தாளச் சுற்றுக்கு) எட்டு வீதம், அரைத்துடிப்பு நோட்டுகள் விடாமல் ஓடும். ஷார்ப்பும் இல்லை, ஃபிளாட்டும் இல்லை என்றதும் சுலபம் என்று நினைத்துவிடுகிறோம். பியானோவில் அது சரி, வெள்ளைக் கட்டைகளோடு முடிந்தது. வயலினில் சி மேஜருக்கு ஒவ்வொரு கம்பியிலும் விரல் அமைப்பு மாறுகிறது. இடது கையில் சுட்டுவிரல் 1, சுண்டுவிரல் 4. ஜி கம்பியில் 2ஆம் விரலும் 3ஆம் விரலும் ஒட்டி உட்கார வேண்டும் (பி, சி). டி கம்பிக்கு வந்தால் 1உம் 2உம் ஒட்டு (ஈ, எஃப்). ஏ கம்பியிலும் அதே 1உம் 2உம் (பி, சி). ஈ கம்பியிலோ ஒட்டு திறந்த கம்பிக்கும் 1ஆம் விரலுக்கும் இடையில் (ஈ, எஃப்). நான்கு கம்பிக்கு மூன்று விதமான கை. ஏ மேஜரிலும் டி மேஜரிலும் ஆரம்பித்த மாணவருக்கு 2ஆம் விரல் எப்போதும் 3ஐ ஒட்டியே இருந்து பழகியிருக்கும். அவர் இங்கே வந்ததும் டி கம்பியின் எஃப்பும் ஏ கம்பியின் சியும் தானாக ஷார்ப்பாகிவிடும். காது அதை உடனே கண்டுபிடிக்காது, ஏனென்றால் கைக்குப் பழகிய ஒலி அது.

மிக மோசமாக வழுக்கும் இடம் ஈ கம்பியின் எஃப். முழு அளவு வயலினில் கம்பியின் அதிரும் நீளம் சுமார் 33 செ.மீ. எஃப் ஷார்ப் வேண்டுமானால் 1ஆம் விரல் மேல் கட்டையிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் கட்டை) சுமார் 3.6 செ.மீ. தள்ளி உட்காரும். எஃப் வேண்டுமானால் 2 செ.மீ.கூட இல்லை. வித்தியாசம் ஒன்றரை செ.மீ.க்கு மேல், விரல் நுனி அளவுக்கு. இவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டியது சுட்டுவிரல் மட்டும்தான். ஆனால் நடப்பது வேறு: முழுக் கையும் பின்னால் நகரும், மணிக்கட்டு உள்பக்கம் சரியும், அடுத்து வரும் ஜி, ஏ நோட்டுகள் எல்லாம் தாழ்ந்துவிடும். ஒரே ஒரு எஃப்புக்காக ஒரு வரியே சுருதி கெட்டுப்போகும். திருத்தம் எளிது. ஈ கம்பியில் 3ஆம் விரலை ஏ நோட்டில் வைத்துக்கொண்டு (திறந்த ஏ கம்பியோடு ஒத்துப் பாருங்கள், ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, தள்ளித் துல்லியமாகச் சேர வேண்டும்), அந்த விரலை எடுக்காமல் 1ஆம் விரலை மட்டும் எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் மாற்றி மாற்றி இருபது முறை நகர்த்த வேண்டும். வில் தேவையில்லை. கட்டைவிரலும் 3ஆம் விரலும் அசையாமல் இருந்தால் போதும். இதை நாலு நாள் செய்தால் கை பின்னால் ஓடுவது நிற்கும்.

இடது கைக்கு முதல் பாடத்தில் இவ்வளவு வேலை. இதை முடித்துவிட்டு வில்லுக்கு வர வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் எதுவும் நிற்காது.

இப்போது அந்தப் பொடி எழுத்து வரிசை. எல்லா நோட்டும் தனித்தனி வில், இரண்டிரண்டாக ஸ்லர் (ஒரே வில் இழுப்பில் சேர்ப்பது), நாலு நாலாக ஸ்லர், எட்டும் ஒரே வில்லில், இரண்டு சேர்த்து இரண்டு தனி, மூன்று சேர்த்து ஒன்று தனி, ஒன்று தனி மூன்று சேர்த்து என்று இந்த வகையில் வரும் மாதிரிகளை வைத்தே முழு வில் கையையும் கட்டிவிடலாம். சும்மா அலங்காரத்துக்கு மாற்றிப் போட்டதுபோல் தோன்றும். ஒவ்வொன்றும் வில்லை வேறொரு இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதுதான் விஷயம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நோட்டுக்கு வில்லின் ஒரு பங்கு செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சேர்த்து இரண்டு தனி: டவுன் போவில் (அடியிலிருந்து நுனி நோக்கி) 2 பங்கு போகிறோம், அப் போவில் (நுனியிலிருந்து அடி நோக்கி) 1 பங்கு திரும்புகிறோம், மறுபடி டவுன் போவில் 1 பங்கு. புறப்பட்ட இடத்திலிருந்து 2 பங்கு தள்ளி நிற்கிறோம். அடுத்த குழு அப் போவில் ஆரம்பிக்கும், அதே 2 பங்கும் திரும்பி வந்துவிடும். எட்டு நோட்டு முடியும்போது வில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும். தானாகச் சமன் ஆகும் மாதிரி இது, அதனால் கைக்கு இதமாக இருக்கும்.

மூன்று சேர்த்து ஒன்று தனி அப்படி இல்லை. டவுன் போவில் 3 பங்கு போகிறோம், அப் போவில் 1 பங்குதான் திரும்புகிறோம். 2 பங்கு மிச்சம். அடுத்த குழுவும் டவுன் போவில்தான் ஆரம்பிக்கிறது, மறுபடி 2 பங்கு மிச்சம். ஒரு பாரில் 4 பங்கு நுனிப் பக்கம் நகர்ந்துவிட்டோம். இரண்டாவது பார் முடிவதற்குள் வில் நுனியில் முட்டி நிற்கும், முழங்கை நீண்டு தோள் உயர்ந்துவிடும், ஒலி மெலியும். இந்த மாதிரியை வாசிக்கிற மாணவர் இரண்டாவது வரியில் தவிக்கிறார் என்றால் விரலைத் திருத்திப் பயனில்லை. வில் தீர்ந்துபோனதுதான் காரணம்.

தப்பிக்க ஒரே வழி, தனி நோட்டின் அப் போவில் மூன்று நோட்டுக்குச் செலவழித்த அத்தனை வில்லையும் திருப்பிக் கொண்டுவருவது. இங்கே அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. மெட்ரனோம் (தாளம் தட்டும் கருவி) 60இல், அதாவது நிமிடத்துக்கு 60 துடிப்பில், அரைத்துடிப்பு நோட்டு ஒன்று அரை விநாடி. மூன்று நோட்டுக்கு ஒன்றரை விநாடி. அந்த ஒன்றரை விநாடியில் 15 செ.மீ. வில் போனால் அதே 15 செ.மீ.யை அரை விநாடியில் திரும்ப இழுக்க வேண்டும், அதாவது மூன்று மடங்கு வேகம். வேகம் கூடினால் சத்தம் கூடும். ஒவ்வொரு குழுவிலும் நாலாவது நோட்டு "வ்வா" என்று வீங்கி எழும்பும். தாளத்தின் பலமான இடம் முதல் நோட்டு, அழுத்தம் விழுவதோ நாலாவதில். கேட்கிறவருக்கு நொண்டி நடப்பதுபோல் இருக்கும்.

இதைச் சரிசெய்யப் பழகுவதுதான் அந்த ஒரு வரி மாதிரிக்குள் அடங்கியிருக்கும் பாடம். அப் போ புறப்படும் கணத்தில் சுட்டுவிரல் வில்லின் மேல் வைத்திருக்கும் பாரத்தை எடுத்துவிட வேண்டும். வில் கம்பியை விட்டு எழும்பக் கூடாது, பாரம் மட்டும் போக வேண்டும். வேகமும் பாரமும் எதிரெதிராக நகர்ந்தால் நாலு நோட்டும் ஒரே கனத்தில் கேட்கும். அதற்கு நேர்மாறான ஒன்று தனி, மூன்று சேர்த்து என்ற மாதிரி வில்லை அடிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அங்கே வில்லே கனம், அதனால் பாரம் எடுக்க வேண்டிய பொறுப்பு சுண்டுவிரலுக்கு மாறுகிறது. சுண்டுவிரல் வில் கட்டையின் மேல் வளைந்து உட்காராமல் விறைத்து நீண்டிருந்தால் இந்த மாதிரியில் வில் குதிக்கும். பின்னாளில் ஆர்க்கெஸ்ட்ராவில் உட்காரும்போது பக்கத்துக்குப் பக்கம் வரப்போகும் சங்கடத்தை, 8 நோட்டுப் பாரில் அடக்கிக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

பழகும் முறை. வில் கட்டையின் நடுவில் ஒரு சின்ன காகித ஒட்டுத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள் (முடியில் படக் கூடாது, பசை பட்டால் அந்த இடத்தில் ரெசின், அதாவது வில் முடியில் தேய்க்கும் பிசின், பிடிக்காது). முதலில் இடது கையை விட்டுவிட்டு, திறந்த ஏ கம்பியில் மட்டும் அந்த மாதிரியை எட்டுப் பார் வாசியுங்கள். ஒவ்வொரு பார் முடிவிலும் வில் ஒட்டுத்தாளுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். அது ஒரே இடத்தில் நின்றதும், பாடத்தின் முதல் நாலு பாரை மட்டும் சேர்க்கலாம். அதன் பிறகு ஒரு வரி. அப்புறம்தான் பக்கம். மெட்ரனோமை 60இல் ஆரம்பித்து, தவறே இல்லாமல் இரண்டு முறை வந்தால் 4 கூட்டலாம். 96 வரை போனால் போதும், இந்தப் பாடத்தை அதற்கு மேல் விரட்டுவதில் லாபமில்லை. வாரத்துக்கு மூன்று மாதிரிக்கு மேல் எடுத்துக்கொண்டால் எதுவும் கையில் தங்காது. இந்தக் கணக்கில் முதல் பாடத்துக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும். அந்த நாட்களில் 2, 3, 4ஆம் பாடங்களைத் தனி வில்லில் மட்டும் பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டிருக்கலாம், சலிப்பும் வராது.

எட்டு நோட்டு ஒரே வில்லில் வரும் மாதிரிக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வில்லின் முடிப்பகுதி சுமார் 65 செ.மீ. எட்டாகப் பிரித்தால் நோட்டுக்கு 8 செ.மீ. ஆரம்ப மாணவர் முதல் இரண்டு நோட்டிலேயே பாதி வில்லைச் செலவழித்துவிட்டு மீதி ஆறுக்கும் பிசுநாறியாக மாறிவிடுவார். நாலாவது நோட்டு முடியும்போது வில் ஒட்டுத்தாளைத் தாண்டக் கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டால் மீதி தானாகச் சரியாகும்.

ஸ்லருக்குள் கம்பி மாறும் இடங்களும் முதல் பாகம் முழுக்க வரும். கம்பி மாறும்போது மணிக்கட்டை வெட்டி இழுத்தால் இரண்டு நோட்டுக்கு நடுவில் ஒரு முடிச்சு கேட்கும். வில்லின் கோணம் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குத் தாவக் கூடாது, சாய்ந்து போக வேண்டும். பழக்கும் வழி: மாறப்போகும் இரண்டு கம்பிகளையும் திறந்த நிலையில் சேர்த்து இழுங்கள். அந்த மட்டத்தில் முழங்கை எங்கே நிற்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்லரை வாசிக்கும்போது, கம்பி மாறுவதற்கு ஒரு நோட்டு முன்னாலேயே முழங்கை அந்த மட்டத்துக்கு வந்து காத்திருக்க வேண்டும். அப்போது மாற்றத்துக்குத் தேவைப்படுவது ஒரு விரற்கடை அசைவுதான்.

மூன்று மூன்றாக ஓடும் பாடங்கள் வரும்போது பலர் அவற்றை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தனி வில்லில் மூன்று நோட்டுக் குழு என்றால் ஒரு குழு டவுன் போவில் ஆரம்பிக்கும், அடுத்தது அப் போவில். அப் போவில் ஆரம்பிக்கும் குழுவின் முதல் நோட்டுக்கு டவுன் போ அளவுக்கே அழுத்தம் வர வேண்டும். வராவிட்டால் மூன்று மூன்றாக எழுதியது ஆறு ஆறாகக் கேட்கும். குழுவின் முதல் நோட்டுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு விரற்கடை வில் கொடுப்பதே இதற்கு மருந்து.

நாலாம் விரல் விஷயத்தில் இந்தப் புத்தகம் தாராளம். சாதாரண வழக்கம் இதுதான்: ஏறும்போது திறந்த கம்பி, இறங்கும்போதும் ஒரே ஸ்லருக்குள் கம்பியைத் தாண்டி உடனே திரும்பும்போதும் நாலாம் விரல். நோட்டின் தலைக்கு மேல் 4 என்று அச்சிட்டிருந்தால் அதை மீற வேண்டாம். ஸ்டீல் ஈ கம்பியைத் திறந்து அடித்தால் மற்ற நோட்டுகளை விடப் பளிச்சென்று தனித்துக் கேட்கும். ஓடும் வரிக்கு நடுவில் அது ஒரு பொத்தல். 4ஆம் விரல் தாழ்ந்து விழுவதற்குப் பெரும்பாலும் அந்த விரலின் பலவீனம் காரணமாக இருப்பதில்லை, இடது முழங்கை வயலினுக்கு அடியில் போதுமான அளவு உள்ளே வராததுதான். முழங்கையை வலப்பக்கம் இரண்டு செ.மீ. நகர்த்துங்கள், விரல் தானாக எட்டும். சரிபார்க்க வேறொருவரும் தேவையில்லை. ஜி கம்பியின் 4ஆம் விரல் திறந்த டி கம்பியோடும், டி கம்பியின் 4 திறந்த ஏவோடும், ஏ கம்பியின் 4 திறந்த ஈயோடும் ஒன்றிப்போக வேண்டும். இரண்டு கம்பியையும் சேர்த்து இழுத்தால் சுருதி பிசகியிருக்கும்போது ஒலி அலையடிக்கும், சேர்ந்ததும் அலை நின்றுவிடும்.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தைப் போலப் பொறுமையானதல்ல. 30ஆம் பாடத்திலிருந்து 31க்குப் போவது ஒரு படி ஏறுவதாக இருக்காது, சுவரேறிக் குதிப்பதாக இருக்கும். மூன்றாம் பொசிஷனை ஏற்கெனவே ஸ்கேல்களில் பழகியிருந்தால்தான் இதைத் திறக்க வேண்டும். புத்தகம் பொசிஷனைச் சொல்லிக்கொடுக்காது, பயிற்சிதான் கொடுக்கும்.

மூன்றாம் பொசிஷனில் நல்ல செய்தி, சரிபார்க்க ஏகப்பட்ட இடங்கள் உண்டு. டி கம்பியின் 1ஆம் விரல் ஜி, திறந்த ஜிக்கு ஒரு ஆக்டேவ் மேலே. ஏ கம்பியின் 1 டி, திறந்த டிக்கு ஆக்டேவ். ஈ கம்பியின் 1 ஏ, திறந்த ஏவுக்கு ஆக்டேவ். ஜி, டி, ஏ மூன்றிலும் 2ஆம் விரல் அடுத்த திறந்த கம்பியின் சுருதியிலேயே விழும். ஒவ்வொரு பாடத்தையும் தொடங்குமுன் இந்த ஆறையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள், ஒரு நிமிடம் ஆகாது.

மோசமான செய்தி, இடைவெளி சுருங்குகிறது. முதல் பொசிஷனில் 1ஆம் விரலுக்கும் 2ஆம் விரலுக்கும் நடுவில் ஒரு முழுச்சுர இடைவெளி சுமார் 32 மி.மீ. மூன்றாம் பொசிஷனில் அதே இடைவெளி சுமார் 27 மி.மீ. ஐந்து மி.மீ. என்பது கண்ணுக்குச் சிறியது, காதுக்குப் பெரியது. முதல் பொசிஷன் கைவிரிப்பையே மேலே தூக்கிக்கொண்டு போகிறவருக்கு 2, 3, 4 மூன்றிலும் வரிசையாகச் சுருதி கூடிக்கொண்டே போகும். 1ஆம் விரல் சரியாக இருக்கிறது, 4ஆம் விரல் கிறீச்சிடுகிறது என்றால் காரணம் இதுவே.

பொசிஷன் மாறும் இடத்தில் 1ஆம் விரல் நகரும் தூரம் சுமார் நாலரை செ.மீ. கட்டைவிரல் கூடவே போக வேண்டும். கட்டைவிரல் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க மற்ற விரல்கள் மட்டும் எட்டிப்பிடிப்பதுதான் இங்கே பரவலான தவறு. திரும்பி வரும்போது வயலினே கையோடு முன்னால் இழுபடும். நகர்வதற்குச் சற்று முன் விரல் கம்பியை முழுதாக அழுத்துவதை விட்டு, ஹார்மோனிக் எழுப்பும் அளவுக்கு லேசாகத் தொட்டபடி போய், சேர்ந்த பிறகு அழுத்த வேண்டும். மாற்றம் இருக்கும் பாரை மட்டும் வெட்டியெடுத்து, நகரும் விரலின் சறுக்கலை வேண்டுமென்றே கேட்கும்படி மெதுவாகப் பத்து முறை. சறுக்கல் வழுவழுப்பாகக் கேட்டால் வேகம் கூட்டும்போது அது தானாக மறையும். மேலும், முதல் பாகத்தின் வில் மாதிரிகளை இங்கேயும் கொண்டுவரலாம். 4/4இல் ஒரே அளவு நோட்டுகள் ஓடும் எந்தப் பாடத்துக்கும் அவை பொருந்தும். இரண்டாம் பாகத்தைச் சலிப்பிலிருந்து காப்பாற்றுவதும் அதுதான்.

பதிப்புகள் பல. ஷிர்மர் வெளியீட்டில் காஸ்டன் பிளே தொகுத்தது பரவலாகக் கிடைக்கிறது, இரண்டு பாகமும் தனித்தனியாகவும் ஒன்றாகவும் உண்டு. ஒன்றாக இருப்பதைவிடத் தனித்தனிப் பாகம்தான் நல்லது. ஸ்டாண்டில் மெல்லிய புத்தகம் விரிந்து நிற்கும், இரண்டாம் பாகம் தேவைப்படவும் நாளாகும். கார்ல் ஃபிஷர் வெளியிடும் 'ஃபவுண்டேஷன் ஸ்டடீஸ்' என்பது ஓப்பஸ் 45, 54, 74 மூன்றிலிருந்தும் எடுத்து வரிசை மாற்றி அமைத்த தொகுப்பு. தொகுப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் பாட எண்கள் ஓப்பஸ் 45இன் எண்களோடு ஒத்துப்போகாது. ஆசிரியர் "12ஆம் பாடம்" என்றால் எந்தப் புத்தகத்தின் 12 என்று கேட்டுக்கொள்ளுங்கள். வோல்ஃபார்ட் மறைந்து நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் பழைய பதிப்புகளின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். ஸ்கேனில் விரல் எண்கள் மங்கி 1உம் 4உம் குழம்பும் இடங்களைப் பென்சிலால் தெளிவாக எழுதிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். வயோலா வாசிப்பவர்களுக்கு முழுப் புத்தகத்தையும் ஒரு பஞ்சமம் தாழ்த்திய பதிப்புகள் உள்ளன. அங்கே முதல் பாடம் எஃப் மேஜரில் வரும், விரலும் கம்பி வரிசையும் அப்படியே.

குறைகளையும் சொல்ல வேண்டும். இசையாக ரசிக்க இதில் அதிகம் இல்லை. நோட்டுகள் ஒரே சீராக ஓடுவதால் தாளச் சிக்கல்கள், இடைவெளிகள், புள்ளி வைத்த நோட்டுகள் பழக வேறு இடம் தேட வேண்டும். இரட்டைக் கம்பி வாசிப்புக்கு இது போதாது. கூட வாசிக்க இரண்டாவது வயலின் பகுதி கிடையாது, மாணவர் தனியாகத்தான் உட்கார்ந்து அரைக்க வேண்டும். மெல்லிசை வேண்டும் என்கிறவர் இவருடைய ஓப்பஸ் 74இன் 50 பாடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பாடும்படியான ஒலியைத் தேடுகிறவருக்கு ஃபிரெஞ்சுக்காரர் மசாஸின் ஓப்பஸ் 36 இன்னும் வளமானது. 75 பாடங்கள், மூன்று பாகம், முதல் பாகமே வில்லின் குணங்களை அலசும். ஆனால் அதற்கு இங்கிருந்து கொஞ்ச தூரம் போக வேண்டும். ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்க விரும்பினால் வியன்னாவின் யாகோப் டோண்ட் எழுதிய ஓப்பஸ் 38 இருக்கிறது, அதில் இரண்டாவது வயலின் உண்டு.

அடுத்த படி வழக்கமாக ஹாம்பர்க்கின் ஹைன்ரிஷ் எர்ன்ஸ்ட் கெய்சர், ஓப்பஸ் 20, 36 பாடங்கள். கிராய்ட்ஸரின் 42 எட்யூடுகளுக்கு முன்தயாரிப்பாக எழுதப்பட்டவை. வோல்ஃபார்ட்டின் முதல் பாகத்தை வில் மாதிரிகளோடு முடித்தவர் கெய்சரின் முதல் பகுதிக்குப் போகலாம், இரண்டாம் பாகத்தை அதனோடு இணையாக நடத்திக்கொள்ளலாம். 60ஐயும் முடித்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை. தயாரா என்று பார்க்க ஒரு சோதனை போதும்: முதல் பாடம், மெட்ரனோம் 80, மூன்று சேர்த்து ஒன்று தனி, ஆரம்பம் முதல் கடைசிப் பார் வரை நிற்காமல். பிறகு அதையே அப் போவில் தொடங்கி இன்னொரு முறை. நாலாவது நோட்டு எங்கேயும் வீங்காமல், இரண்டு முறையும் வில் ஒட்டுத்தாளுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றால், ஒட்டுத்தாளைப் பிரித்தெடுத்துவிட்டு கெய்சரைத் திறக்கலாம்.